செவ்வாயின் வட துருவத்துக்கு ஒரு வானிலை நிலையம்: மதுரையில் வைத்து எப்படிச் சோதிப்பது?

தெப்பக்குளம்_03 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. நாலு பேர் சேர்ந்து ஒரு பிராஜெக்ட் எடுத்திருக்கிறோம். செவ்வாயில் 68 டிகிரி வடக்கில், அதாவது நாசாவின் பீனிக்ஸ் லேண்டர் இறங்கிய அதே அட்சரேகையில், நிற்கும் சின்ன வானிலை நிலையத்தின் மாதிரி.

இப்போதைய டிசைன் இது. உள்ளளவு 20 செ.மீ. கனசதுர அலுமினியப் பெட்டி, சுற்றிலும் 3 செ.மீ. தெர்மாக்கோல். உள்ளே ஆர்டுயினோ போர்டு, மூன்று 18650 லித்தியம் அயன் செல். மேலே கீல் வைத்த 40க்கு 40 செ.மீ. சோலார் பேனல். வெப்பநிலைக்கு டி.எஸ். 18பி20, அழுத்தத்துக்கு பி.எம்.பி. 280, ஈரப்பதத்துக்கு டி.எச்.டி. 22, காற்றுக்கு மூன்று கிண்ணம் சுழலும் அனிமாமீட்டர். ஒரு செவ்வாய் ஆண்டு முழுக்க, 668 செவ்வாய் நாள், ஓட வேண்டும் என்பது இலக்கு.

சந்தேகங்கள்: இந்த சென்சார்கள் போதுமா? தெர்மோவேக் சேம்பருக்கு (காற்றை உறிஞ்சிவிட்டுக் குளிரில் சோதிக்கும் கலம்) எங்களுக்கு வழியில்லை. கல்லூரி ஃப்ரீசர் மைனஸ் 20 வரை போகும், அதில் வைத்து எடுத்தால் போதும் என்கிறார்கள், சரியா? கைடு சார் கூடவே ஒரு குட்டி ட்ரில் வைத்து ஐஸ் எடுக்கச் சொல்கிறார், அது சாத்தியமா?

---

யானைமலை:

தம்பி, சென்சாருக்குப் போகும் முன் அந்த ஊர்க் காற்றைப் பார்த்துவிடுவோம். துருவம் என்றதும் எல்லோரும் குளிரைத்தான் கணக்கில் வைக்கிறார்கள். அங்கே குளிரைவிடப் பெரிய சங்கதி, காற்றே உறைந்து தரையில் படிவது.

செவ்வாய்க் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சராசரி அழுத்தம் 6 மில்லிபார் சுற்றி. மதுரையில் 1000. அந்த 6 மில்லிபாரில் கார்பன் டை ஆக்சைடு உறையும் புள்ளி ஏறக்குறைய மைனஸ் 125 டிகிரி. குளிர்காலத்தில் தரை அந்த அளவுக்கு இறங்கியதும் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு கிலோ உறையும்போதும் 590 கிலோஜூல் அளவுக்கு வெப்பம் வெளிவருகிறது, அது மேற்கொண்டு இறங்க விடாது. ஆகவே உங்கள் டிசைனின் கீழ் எல்லை மைனஸ் 125. மைனஸ் 150க்கெல்லாம் பயப்பட வேண்டாம். மைனஸ் 20 ஃப்ரீசர் சோதனை, பீனிக்ஸ் கண்ட கோடை மதியத்தைத்தான் காட்டும், அதற்கு மேல் எதையும் காட்டாது. மே 25, 2008இல் இறங்கி நவம்பர் 2 வரை பேசிய அந்த லேண்டர் கண்ட அதிகபட்சமே மைனஸ் 20ஐ ஒட்டித்தான். குறைந்தபட்சம் மைனஸ் 97க்கும் கீழே. இதெல்லாம் கோடைக் கணக்கு.

இப்படி உறைவது கொஞ்சநஞ்சமல்ல. துருவத்துக்கு எவ்வளவோ தொலைவில் இருந்த வைக்கிங் லேண்டர்களிலேயே ஓர் ஆண்டுக்குள் அழுத்தம் கால் பங்குக்கு மேல் ஏறி இறங்கியது. காற்றில் அவ்வளவு பங்கு மாறி மாறி இரண்டு துருவங்களிலும் படிந்து திரும்புகிறது. வட துருவத்துக்கு அருகே படிவின் தடிமன் ஒரு மீட்டர் அளவு என்று மார்ஸ் குளோபல் சர்வேயரின் லேசர் உயரமானி அளந்து சொன்னது. 68 டிகிரியில் அதைவிடக் குறைவு, ஆனால் பேனலை முறிக்கப் போதும். பீனிக்ஸுக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும். குளிர்காலம் முடிந்து மே 2010இல், செவ்வாயைச் சுற்றும் எம்.ஆர்.ஓ. கலத்தின் ஹைரைஸ் கேமரா எடுத்த படத்தில் லேண்டரின் நிழல் பழைய மாதிரி இல்லை. ஒரு பேனல் வளைந்தோ உடைந்தோ போயிருக்கலாம் என்று நாசா அறிவித்தது.

பருவக் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாயின் சுற்றுப்பாதை நன்றாகவே நீள்வட்டம். அதனால் வடக்கின் வசந்தம் 194 செவ்வாய் நாள், கோடை 178, இலையுதிர் காலம் 143, குளிர்காலம் 154. வட துருவப் புள்ளியில் ராத்திரி 297 நாள், தென் துருவத்தில் 372. வடக்கின் கோடை, சூரியனிலிருந்து தொலைவில் இருக்கும்போது வருவதால் வெயிலும் மட்டு: வளிமண்டலத்துக்கு மேலே சதுர மீட்டருக்கு 490 வாட். தெற்கின் கோடையில் அது 710ஐத் தொடும். உலகையே மூடும் புழுதிப் புயல்கள் அந்தத் தெற்குக் கோடையை ஒட்டித்தான் வருகின்றன. உங்கள் நிலையம் அப்போது ராத்திரியில் கிடக்கும், ஆகவே புழுதிப் புயல் உங்கள் முதல் கவலை இல்லை.

காற்று வேகம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், செவ்வாயில் அம்மி இருக்கட்டும், அனிமாமீட்டர் கிண்ணமே சரியாகத் திரும்பாது. காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.02 கிலோகூட இல்லை, நமக்கு 1.15. தள்ளும் விசை அடர்த்திக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். அங்கே மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் அடித்தால் இங்கே 13 கி.மீ. வேகக் காற்றின் தள்ளல்தான் கிடைக்கும். சாதாரணமாக அடிக்கும் நொடிக்கு 4, 5 மீட்டர் காற்றில் பேரிங் உராய்வையே கிண்ணம் தாண்டாது.

---

சிம்மக்கல்_சர்க்யூட்:

சென்சார்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பி.எம்.பி. 280 கூடவே கூடாது. அதன் வேலை எல்லை 300 முதல் 1100 மில்லிபார். 6 மில்லிபாரில் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதைவிட மோசம், எண் காட்டிக்கொண்டே இருக்கும், பிழை என்று சொல்லாது. 0 முதல் 25 மில்லிபார் அல்லது 0 முதல் 100 மில்லிபார் அப்சொல்யூட் வகை சென்சார் வாங்குங்கள். கேஜ் வகை வேண்டாம், அது வெளிக் காற்றோடு ஒப்பிட்டுக் காட்டும். பீனிக்ஸில் பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனம் கொடுத்த கெப்பாசிட்டிவ் வகை சென்சார் இருந்தது. சேம்பரில் பிரானி கேஜ் என்ற வெற்றிட அழுத்தமானியை மாட்டினால் ஒரு எச்சரிக்கை: அது வாயுவின் வெப்பம் கடத்தும் தன்மையை வைத்து அளப்பது. காற்றுக்கு ஒரு எண், கார்பன் டை ஆக்சைடுக்கு வேறு எண். திருத்தப் பட்டியல் இல்லாமல் படிக்காதீர்கள்.

டி.எஸ். 18பி20 மைனஸ் 55 வரைதான். பி.டி. 100 அல்லது பி.டி. 1000 பிளாட்டினம் சென்சார் போடுங்கள், நாலு வயர் இணைப்பில், மேக்ஸ் 31865 போர்டோடு. மெல்லிய டி வகை தெர்மோகப்பிள் இன்னும் நல்லது, மைனஸ் 200 வரை போகும், நிறை குறைவு. சென்சார் பருமனாக இருந்தால் அங்கே காற்றின் வெப்பநிலையை அளக்க மாட்டீர்கள், வெயிலில் காய்ந்த சென்சாரின் வெப்பநிலையைத்தான் அளப்பீர்கள். காற்று அவ்வளவு மெலிசு, வெப்பத்தை எடுத்துப் போகாது. பீனிக்ஸின் கம்பத்தில் ஒரு மீட்டருக்குள் மூன்று உயரங்களில் மெல்லிய தெர்மோகப்பிள் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெட்டியின் சூடு மேலெழுந்து கீழ் சென்சாரைக் கெடுக்கிறதா என்பதும் மூன்றையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

டி.எச்.டி. 22 மைனஸ் 40க்கு மேல்தான் வேலை செய்யும். விட்டுவிடுங்கள். துருவ ஈரப்பதம் அளப்பது தனிப் பிராஜெக்ட்.

காற்றுக்கு இரண்டு வழி. ஒன்று, சூடான ஃபிலிம்: ஒரு சின்ன ரெசிஸ்டரை மின்சாரம் கொடுத்துச் சுற்றுப்புறத்தைவிட நிலையான அளவு சூடாக வைத்து, அதற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று பார்ப்பது. வைக்கிங் முதல் கியூரியாசிட்டி வரை இந்தத் தத்துவம்தான். இரண்டு, பீனிக்ஸில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம் செய்து கொடுத்தது: நூல் மாதிரியான கெவ்லார் இழையில் தொங்கும் காப்டான் குழல், அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று கேமரா படம் எடுக்கும். கல்லூரிப் பிராஜெக்டுக்கு இரண்டாவது மலிவு. ஆனால் கேமரா மின்சாரம் தின்னும்.

இதர பாகங்கள். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள், உள்ளே இருக்கும் திரவம் உறைந்து கெப்பாசிட்டன்ஸ் விழுந்துவிடும். முதலில் சாவது பவர் சப்ளை ஃபில்டர்தான், போர்டு காரணமில்லாமல் ரீசெட் ஆகிறது என்று நினைப்பீர்கள். டான்டலம், சி0ஜி வகை செராமிக் போதும். பி.வி.சி. வயர் மைனஸ் 40க்குக் கீழே தோல் வெடிக்கும், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) வயர் வாங்குங்கள். கீலில் சாதாரண கிரீஸ் போட்டால் கல்லாகிவிடும், துடைத்துவிட்டு உலர் மாலிப்டினம் டைசல்பைடு பூச்சு போடுங்கள்.

செல்: 18650ஐ 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள். லித்தியம் ஆனோடின் மேல் உலோகமாகப் படியும், அடுத்த சுற்றில் உள்ளேயே ஷார்ட். செவ்வாய்க்குப் போனவை மைனஸ் 20 வரை சார்ஜ் ஏற்கும் தனி எலக்ட்ரோலைட் கொண்டவை. கடையில் கிடைக்கும் செல்லை வைத்து, சார்ஜ் ஆகும் நேரத்திலாவது பெட்டிக்குள் 5 டிகிரிக்கு மேல் காட்டுவதுதான் யோக்கியமான டிசைன்.

---

பசுமலை_வேக்குவம்:

சேம்பர் இல்லை என்று ஒதுங்க வேண்டாம். துருவக் குளிர்காலம் என்பது 6 மில்லிபாரில் கார்பன் டை ஆக்சைடு பனி. ட்ரை ஐஸும் அதேதான். வெளிக் காற்றில் அது மைனஸ் 78.5இல் நிற்கும். அதையே ஒரு பாத்திரத்தில் வைத்து அழுத்தத்தை 6 மில்லிபாருக்கு இறக்கினால், தன் ஆவியைத் தானே விட்டுத் தன்னைத் தானே மைனஸ் 125க்குக் குளிர்வித்துக்கொள்ளும். வெப்பநிலையும் அழுத்தமும் வாயுவும் மூன்றும் ஒரே அடியில் சரியாக அமைந்துவிடும். லட்சக்கணக்கில் சேம்பர் எதற்கு?

ட்ரை ஐஸுக்கு ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம் செய்பவர்களிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்தில் மணமக்கள் வரும்போது புகை விடும் டெக்கரேஷன்காரர்களிடம் கேளுங்கள். எங்கிருந்து வாங்குகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். பம்புக்கு ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கும் இரண்டு ஸ்டேஜ் ரோட்டரி பம்ப் போதும், 3.5 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 100 லிட்டர்.

இனிமேல்தான் கணக்கு. ஒரு கிலோ ட்ரை ஐஸ் ஆவியானால் நம் அறை வெப்பத்தில், 6 மில்லிபாரில், சுமார் 95,000 லிட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் பம்ப் அதை வெளியேற்ற 16 மணி நேரம். அந்த வேகத்தில் ஆவியாக 10 வாட் வெப்பம்தான் தேவை. புரிகிறதா? வெளியிலிருந்து பனிக்குள் 10 வாட்டுக்கு மேல் வெப்பம் கசிந்தால், பம்ப் எவ்வளவு உறுமினாலும் அழுத்தம் 6க்கு இறங்காது, 15, 20 என்று தொங்கும், வெப்பநிலையும் மைனஸ் 115 பக்கம் நின்றுவிடும். சித்திரை வெயிலில் 40 டிகிரி அறையில் வெறும் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தால் இதுதான் ஆகும். பம்ப் சரியில்லை என்று பம்பைக் கழற்றிக்கொண்டு உட்காராதீர்கள், காப்பைச் சரிசெய்யுங்கள்.

செய்முறை. 30 செ.மீ. விட்டமுள்ள தடித்த எவர்சில்வர் பாத்திரம், மேலே 25 மி.மீ. அக்ரிலிக் மூடி. அந்த மூடியின் மேல் காற்று அழுத்துவது 730 கிலோ எடைக்குச் சமம், 10 மி.மீ. மூடி போட்டால் வளையும், விரிசல் கண்ட மூடி உள்நோக்கி வெடிக்கும். உள்ளே, பாத்திரத்தைத் தொடாமல், பேக்கலைட் கால்கள் மேல் ஒரு செம்புத் தட்டு. தட்டின் அடியில் ஒரு கிண்ணத்தில் நொறுக்கிய ட்ரை ஐஸ் ஒரு கிலோ. தட்டையும் கிண்ணத்தையும் சுற்றி அலுமினியம் பூசிய பாலியஸ்டர் ஷீட் ஐந்தாறு சுற்று, சுற்றுகளுக்கு நடுவே மெல்லிய வலைத்துணி. மூடியின் ரப்பர் வளையம் குளிரக்கூடாது. நைட்ரைல் ரப்பர் மைனஸ் 30க்குக் கீழே இறுகிக் கசிய ஆரம்பிக்கும், அதற்காகத்தான் பனியைப் பாத்திரத்தைத் தொடாமல் வைக்கச் சொல்வது.

பம்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு நீடில் வால்வு. காப்பு நன்றாக இருந்தால் அழுத்தம் 6க்கும் கீழே போய் பனி மைனஸ் 134க்கு நழுவும். வால்வைக் கொஞ்சம் மூடிப் பிடியுங்கள். அழுத்தத்தை ஏற்ற வெளிக் காற்றை உள்ளே விடாதீர்கள், அதன் ஈரம் அத்தனையும் உங்கள் சென்சார் மேல் வெள்ளையாகப் படியும். சோதனை முடிந்து திறக்கும்போதும் எல்லாம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியை எடுங்கள்.

ஆபத்து இரண்டு. ட்ரை ஐஸ் உள்ளே இருக்கும்போது கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும், பனி ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூடியை போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் அது வெடிகுண்டு. மூடியை வெறுமனே வையுங்கள், வெற்றிடமே அதைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே அழுத்தம் ஏறினால் தானே தூக்கிக்கொண்டு விட்டுவிடும். இரண்டாவது, பம்ப் விடும் வாயுவைக் குழாய் போட்டு ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு தரையோடு தங்கும், ஏ.சி. போட்டு மூடிய லேபில் மயக்கம் வரும்.

ஹீட்டருக்கு 230 வோல்ட்டை உள்ளே கொண்டுபோகாதீர்கள், 12 வோல்ட் போதும். இந்த அழுத்தத்தில் சில நூறு வோல்ட்டுக்கே மி.மீ. கணக்கான இடைவெளியில் பொறி தாவும்.

---

தெப்பக்குளம்_03:

ரொம்ப நன்றி அண்ணே. இரண்டு கேள்வி. இந்தச் சேம்பரில் பெட்டியின் மேல் பனி படிவதையும் பார்க்க முடியுமா? பேனல் முறிவதுதான் எங்களுக்கு முக்கியம். இன்னொன்று, தெர்மாக்கோலுக்குப் பதில் பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம் வைத்தால் ஹீட்டர் செலவு குறையுமா?

---

பசுமலை_வேக்குவம்:

பனி படியாது. தட்டு உறைபுள்ளியில்தான் இருக்கிறது, அதற்குக் கீழே இருந்தால்தான் படியும். படிய வைக்க திரவ நைட்ரஜன் வேண்டும், மைனஸ் 196. மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர்கள் கேனில் வைத்திருப்பார்களே, அதுதான். ஒரு செம்புக் கோலின் நுனி பாத்திரத்துக்குள், மறுமுனை வெளியே நைட்ரஜனில். உள்ளே கார்பன் டை ஆக்சைடு 6 மில்லிபார். நுனியில் வெள்ளைப் பூ மாதிரி வளரும், வளர்வதைப் படம் எடுக்கலாம். வெளியே திறந்த முனையில் காற்றிலுள்ள ஆக்சிஜன் திரவமாகச் சொட்டும், அந்தப் பக்கம் எண்ணெயோ தெர்மாக்கோலோ இருக்கக்கூடாது.

பேனல் முறிவைப் பார்க்க அது தேவையே இல்லை. 30 செ.மீ. படிவு, அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 300 கிலோ நிறை. செவ்வாயின் ஈர்ப்பு 3.71 என்பதால் இங்கே 113 கிலோ எடை. உங்கள் பேனல் 0.16 சதுர மீட்டர், ஆக 18 கிலோ. 18 கிலோ மணல் மூட்டையை பேனலின் வெளி ஓரத்தில் மட்டும் வைத்துப் பாருங்கள், நடுவில் வைத்து ஏமாற வேண்டாம். கீலை மட்டும் கழற்றி ட்ரை ஐஸில் ஊறப்போட்டு, வெளியே எடுத்த கையோடு மாட்டி எடை ஏற்றுங்கள். ஒட்டியிருக்கும் எப்பாக்சி முதலில் விடும்.

---

யானைமலை:

பிளாஸ்க் விஷயம். பூமியில் வெற்றிடச் சுவர் அற்புதம். செவ்வாயிலும் பாத்திரத்தை நிரந்தரமாக மூடி வைத்தால் வேலை செய்யும், ஆனால் இரண்டு உலோகச் சுவரும் கழுத்து இணைப்பும் எடை கூட்டும், 20 வயர் உள்ளே போக வழி வேண்டும். விண்கலங்களில் சுற்றும் பளபளப்பான பல அடுக்கு ஷீட்டைச் செவ்வாய்த் தரையில் பெட்டிக்கு மேல் சுற்றுவது வீண். 6 மில்லிபார் வாயு அடுக்குகளுக்கு நடுவே புகுந்துவிடும், வாயுவின் கடத்துதிறன் அந்த அழுத்தத்திலும் அப்படியே இருக்கும். சேம்பருக்குள் பசுமலை சொன்ன ஷீட்டும் கதிர்வீச்சைத்தான் தடுக்கும், கடத்தலை இல்லை. அழுத்தம் குறைந்ததால் கிடைக்கும் லாபம் வேறு: வாயு சுழன்று வெப்பம் கொண்டுபோவது அடங்கிவிடும். அதனால் சில செ.மீ. சும்மா கார்பன் டை ஆக்சைடு இடைவெளியே நல்ல காப்பு. ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ரோவர்களில் ஏரோஜெல் (நுண்துளைகள் நிறைந்த மிக லேசான காப்புப் பொருள்), கியூரியாசிட்டியில் வாயு இடைவெளி.

இப்போது உங்கள் பெட்டியின் வெப்பக் கணக்கு. உள்ளே 20 செ.மீ., தெர்மாக்கோலுக்குப் பதில் ஏரோஜெல் 3 செ.மீ., கடத்துதிறன் 0.015. வெப்பம் கடக்கும் சராசரிப் பரப்பு 0.31 சதுர மீட்டர். உள்ளே மைனஸ் 20, வெளியே மைனஸ் 80 என்றால் கசிவு 9.4 வாட். ஒரு செவ்வாய் நாள் 24.66 மணி, ஆக 231 வாட் மணி.

பேனல் என்ன தரும்? 68 டிகிரியில் கோடை உச்சத்தில் சூரியன் மறைவதில்லை. மதியம் 47 டிகிரி, நடுராத்திரியில் 3 டிகிரி உயரத்தில் சுற்றிச் சுற்றி வரும். படுக்கை வசத்தில் வைத்த பேனலுக்கு நாள் சராசரி 490ல் 0.395 பங்கு, 194 வாட். புழுதிக்குக் கழித்து 160 என்று வையுங்கள். 0.16 சதுர மீட்டர், 20 சதவீத செல்: 5.1 வாட், நாளுக்கு 126 வாட் மணி. ஹீட்டருக்கே பற்றவில்லை, அதுவும் ஆண்டின் மிக நல்ல நாளில்!

பேனலைப் பெரிதாக்குவதைவிடப் பெட்டியைச் சின்னதாக்குங்கள். உள்ளே 10 செ.மீ. போதும், செல்லும் கடிகாரமும் மட்டும் அதற்குள். காப்பு 5 செ.மீ. கசிவு 2.2 வாட், நாளுக்கு 53 வாட் மணி. சார்ஜ் நேரத்துச் சூட்டுக்கு மீதியில் இடம் இருக்கிறது. சென்சார் போர்டை வெளியே குளிரில் விடுங்கள், சிம்மக்கல் சொன்ன பாகங்களைப் போட்டால் தாங்கும். வயரையும் மறக்காதீர்கள்: 24 செம்பு வயர், 0.5 சதுர மி.மீ., 10 செ.மீ. நீளம் என்றால் அதன் வழியே மட்டும் 2.9 வாட் போய்விடும், பெட்டியின் கசிவைவிட அதிகம். மெல்லிய வயரை நீளமாகச் சுருட்டி விடுங்கள்.

---

மேலூர்_ரோடு:

ட்ரில் பற்றி யாரும் சொல்லவில்லை. கைடு சார் ஆசைப்படுவதில் தப்பில்லை. பீனிக்ஸ் தோண்டிய இடத்தில் 5 செ.மீ. ஆழத்திலேயே ஐஸ் இருந்தது, இறங்கும்போது என்ஜின் ஊதியே அடியில் ஐஸ் தெரிந்தது. பள்ளத்தில் கிடந்த தாயக்கட்டை அளவு வெள்ளைத் துண்டுகள் நாலு நாளில் மறைந்தன, உப்பு என்றால் மறையாது, அதை வைத்துத்தான் தண்ணீர் ஐஸ் என்று உறுதி செய்தார்கள். சிக்கல் எடுப்பதில் இல்லை, கொண்டுபோய்ப் போடுவதில். பீனிக்ஸின் 2.35 மீட்டர் கை மண்ணை அள்ளி, அதைச் சூடாக்கி ஆராயும் அடுப்பின் சல்லடை மேல் கொட்டியது, மண் கட்டிதட்டி சல்லடையில் உட்கார்ந்துகொண்டது, உள்ளே இறங்கவில்லை. நாள் கணக்கில் அதிர்வு கொடுத்த பிறகே நிரம்பியது. அந்த அதிர்வே ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காரணம் என்று சந்தேகித்து, அடுத்த மாதிரியே கடைசி மாதிரியாக இருக்கலாம் என்று வேலைத் திட்டத்தை மாற்றினார்கள்.

மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதும் அங்கேதான் தெரியவந்தது. அது ட்ரில்லுக்கு எமன். கால்சியம் பெர்குளோரேட் கரைசல் மைனஸ் 70க்கும் கீழே வரை உறையாது. ட்ரில் பிட்டின் உராய்வுச் சூட்டில் ஐஸும் உப்பும் சேர்ந்து சேறாகி, பிட்டை நிறுத்திய அடுத்த நிமிடம் உறைந்து பிடித்துக்கொள்ளும். மோட்டாருக்கு எவ்வளவு முறுக்கு கொடுத்தாலும் பிட்தான் முறியும். வழி ஒன்றுதான்: ஒரேயடியாக இறங்காதீர்கள். 10 செ.மீ. துளை, மேலே இழு, தூளைத் தட்டு, ஆறவிடு, மறுபடி இறங்கு. பிட் நுனியில் ஒரு தெர்மோகப்பிள் வைத்து, ஐஸைவிட 10 டிகிரி கூடினால் தானே நிற்கும்படி புரோகிராம் எழுதுங்கள்.

சோதனைக்குப் பெர்குளோரேட் வாங்கிவிடாதீர்கள், வெடிமருந்துச் சரக்கு அது. கால்சியம் குளோரைடு போதும், அதன் கரைசல் மைனஸ் 50 வரை உறையாது, ஒட்டும் குணத்தைக் காட்டிவிடும். மண்ணுக்குக் கல் அறுக்கும் பட்டறைத் தூள் எடுத்து, 10 சதவீதம் தண்ணீரும் 1 சதவீதம் உப்பும் கலந்து, வாளியில் அடுக்கடுக்காக உறையவைத்து, கடைசியில் ட்ரை ஐஸில் ஒரு ராத்திரி. ஒரேயடியாக உறையவைத்தால் நடுவில் வெடித்துக்கொள்ளும், ட்ரில் அந்த விரிசலில் சுலபமாக இறங்கி உங்களை ஏமாற்றும். கரிசல் மண் வேண்டாம், களிமண் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இன்னொன்று, எடை. 20 கிலோ லேண்டர் அங்கே 74 நியூட்டன்தான். ட்ரில்லை அதற்கு மேல் அழுத்தினால் லேண்டர்தான் எழும்பும். சுத்தியல் அடியோடு சுழலும் பிட் எடுங்கள், குறைந்த அழுத்தத்தில் கல்லை உடைக்கும்.

---

சிம்மக்கல்_சர்க்யூட்:

668 நாள் ஓட வேண்டும் என்ற இலக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோலார் வைத்துக்கொண்டு அது நடக்காது. கியூரியாசிட்டி மாதிரி 4.8 கிலோ புளூட்டோனியம் ஆக்சைடு வைத்த ஜெனரேட்டர் என்றால் 110 வாட் மின்சாரமும் 2000 வாட் சூடும் எந்நேரமும் கிடைக்கும், குளிர்காலம் ஓட்டிவிடலாம்.

---

யானைமலை:

சிம்மக்கல் அண்ணே, அந்த 2000 வாட்டை ஐஸ் மேல் வைத்தால் லேண்டர் மெல்ல உள்ளே இறங்கும். அதைவிடப் பெரிய தடை, ஐஸுக்குப் பக்கத்தில் சூடு இருந்தால் தண்ணீர் உருவாகலாம், நம் ஊர் நுண்ணுயிர் ஒட்டிக்கொண்டு போயிருந்தால் அங்கே வளர இடம் கிடைக்கும். கோள் பாதுகாப்பு விதிகளில் துருவ ஐஸ் அதனாலேயே தனி வகை. பீனிக்ஸின் கையை மட்டும் வெப்பத்தில் சுத்திகரித்து உறை போட்டு மூடி அனுப்பினார்கள்.

தம்பிகளுக்கு நான் சொல்வது: இலக்கை இரண்டாக உடையுங்கள். கோடையில் 150 நாள் முழு வேலை. அதன்பின் ஹீட்டரை நிறுத்திவிட்டு உறையவிடுவது, வசந்தத்தில் பேனலில் மின்சாரம் வந்தால் செல் இல்லாமலேயே போர்டு எழுந்து ஒரு சிக்னல் அனுப்புவது. பீனிக்ஸிலும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. 2010 ஜனவரி முதல் மே வரை மார்ஸ் ஒடிசி சுற்றுக்கலம் மேலே பறந்து கேட்டுப் பார்த்தது, பதில் இல்லை. உங்கள் டிசைனில் பேனலிலிருந்து போர்டுக்குச் செல்லைத் தொடாத தனிப் பாதை ஒன்று, ஒரு டயோடு, சூப்பர் கெப்பாசிட்டர் இல்லாத ஒரு ஸ்டார்ட் சர்க்யூட் வேண்டும். சூப்பர் கெப்பாசிட்டரும் திரவம் உள்ளது, மைனஸ் 125க்குப் பிறகு நம்ப முடியாது.

சிக்னல் அனுப்ப பெரிய ஆன்டெனா வேண்டாம். துருவத்தின் ஒரே சௌகரியம் அது: ஒடிசி, எம்.ஆர்.ஓ. இரண்டும் துருவச் சுற்றுப்பாதையில் இருப்பவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை அந்தப் பக்கம் வந்துபோகும். 400 மெகாஹெர்ட்ஸ் யூ.எச்.எஃப். போதும். ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சியில் வையுங்கள், பேனல் மட்டத்தில் வைத்தால் பனிக்குள் போய்விடும்.

---

தெப்பக்குளம்_03:

பெட்டியை 10 செ.மீ. ஆக்குகிறோம். அனிமாமீட்டருக்கு சூடான ஃபிலிம். அதைச் சேம்பருக்குள் எப்படிக் காற்று கொடுத்துச் சரிபார்ப்பது? ஃபேன் வைத்தால் 6 மில்லிபாரில் காற்றே வரவில்லை என்று படித்தேன்.

---

பசுமலை_வேக்குவம்:

காற்றை நகர்த்தாதீர்கள், சென்சாரை நகர்த்துங்கள். நடுவில் ஒரு சின்ன மோட்டார், 12 செ.மீ. கை, நுனியில் ஃபிலிம். நிமிடத்துக்கு 400 சுற்று என்றால் நொடிக்கு 5 மீட்டர். இரண்டு இடத்தில் தவறும். கை சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் வாயுவும் கூடவே சுற்ற ஆரம்பிக்கும், அளவு குறைந்து காட்டும். அதனால் மோட்டாரைப் போட்ட முதல் சில நொடி அளவை மட்டும் எடுங்கள், பாத்திரச் சுவரில் நாலு தடுப்புத் தகடும் வையுங்கள். அடுத்தது சிலிப் ரிங், அதாவது சுழலும் கையிலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் உரசு வளையம். அதன் தொடர்பு மின்தடையே ஃபிலிமின் மாற்றத்தைவிட அதிகமாக ஆடும். கையிலேயே ஒரு சின்ன செல்லும் மெமரி கார்டும் வைத்துப் பதிவு செய்துவிட்டு, நின்ற பிறகு எடுத்துப் படியுங்கள். இந்தச் சோதனையை ட்ரை ஐஸ் இல்லாமல், அறை வெப்பத்தில், 6 மில்லிபாரில் முதலில் செய்யுங்கள். அப்போது செல் உறையும் கவலை இல்லை. தொங்கும் குழல் வகையை இப்படிச் சுழற்றிப் பார்க்க முடியாது, ஈர்ப்பைவிட 20 மடங்கு விசையில் வெளியே இழுபடும்.